பெயரில்லாத பெட்டிகள்

தாபோடி, புனே
2-2-2004

அன்புள்ள ரவி,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி, வழக்கம்போல மாடிப்படியைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். உன் கண் எப்படி இருக்கிறது? கண்ணாடி போட்டும் எரிச்சல் நிற்கவில்லை என்று சொன்னாயாம். உடன்பிறந்த இரண்டு பேரில் உனக்காவது கண் ஒழுங்காக இருக்கட்டும், பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறோம்தான். ஆனால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். ஆகுர்டி கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்து ஊரார் போனை இணைத்துக் கொடுக்கிறவளுக்கு, சொந்த விஷயம் பேச இந்தப் புள்ளிதான் தோது. உனக்கும் இதைவிட்டால் வேறு தமிழ் ஏது? இங்கே கட்கி பள்ளிக்கூடத்தில் மராத்தியும் இங்கிலீஷும் படித்துவிட்டு, சென்னை பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது என்கிறாய். பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளி விடுதியிலிருந்து நான் லீவுக்கு வந்தபோது, நீ என் ஜடையைப் பிடித்து இழுக்காமல் இருக்க நான் கற்றுக்கொடுத்த பிரெயில், இப்படி உதவும் என்று யார் நினைத்தார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் சொல்லாதே. கம்பெனியில் ஏப்ரலிலிருந்து தானாக இணைக்கும் போர்டு வருகிறது. அது வந்தால் நான் எதற்கு?

அதனால் ஔந்தில் எங்கள் மையத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறேன். சனிக்கிழமை மட்டும். பதினொரு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஆளுக்கு நாற்பது நிமிடம். திரையில் இருப்பதை அது வாசித்துச் சொல்கிறது. அமெரிக்க ஆம்பளைக் குரல். நாங்கள் துரை என்று பேர் வைத்திருக்கிறோம். துரை தமிழைப் படித்தால் வாயில் கொழுக்கட்டை, இங்கிலீஷில் மட்டும் சமர்த்து.

மத்திய அரசு நிறுவனம் ஒன்று கிளார்க் வேலைக்கு ஆள் எடுக்கிறது. நம் பக்கம் பார்வையில்லாதவர்களுக்கு மூன்று இடம். எங்களுக்கு வயது வரம்பு முப்பத்தெட்டு. எனக்கு செப்டம்பர் நாலாம் தேதி முப்பத்தெட்டு முடிகிறது. இதை விட்டால் எனக்கு வேறு பரீட்சை கிடையாது. இந்த வருஷம் காகிதப் படிவம் இல்லையாம். மார்ச் முழுக்க இன்டர்நெட்டில் மட்டும்தான்.

நீ அங்கே இப்படிப் படிவம்தானே செய்கிறாய்? ஒன்று கேட்டுக்கொள். விவரம் நிரப்புகிற பெட்டிக்குப் பக்கத்தில் ‘பெயர்’ என்று எழுதினால் கண்ணுள்ளவர்களுக்குப் போதும். துரைக்குப் போதாது. இந்தப் பெட்டிக்கு இதுதான் பேர் என்று உள்ளேயும் ஒரு வரி எழுதி வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் எல்லாப் பெட்டியையும் ‘எடிட்’ என்றே கூப்பிடுவார். ஒரு பெட்டிக்கு ஒரு வரி, அவ்வளவுதான் என்று எங்கள் சார் சொன்னார். நீ செய்யும்போது ஞாபகம் வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
பவுன்

*

சென்னை
12-2-2004

அன்புள்ள அக்கா,

இங்கே நான் சுகம். கண் பரவாயில்லை, டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் பந்தாவாக இருக்கிறது. துரையைக் கேட்டதாகச் சொல்.

எனக்கு இங்கே ராத்திரி பகல் தெரியாத வேலை. ஒரு பெரிய அரசு வேலை வந்திருக்கிறது. என்ன என்று வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். திரையில் வருகிற சின்னச் சின்னப் படமெல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்துச் சேமிக்க வேண்டும். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று வைப்பார்கள். சைக்கிளுக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் உன் பேர் வைத்தவன் நான், பழக்கம் போகுமா? இதிலும் பவுன், டப்பு என்று வைத்திருக்கிறேன். நம் பூனை டப்பு செத்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, பேராவது இருக்கட்டும். யார் கண்ணிலும் படாத இடம். அதனால் யாரும் கேட்பதில்லை.

நீ சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்கிறேன். அந்த வேலை உனக்குத்தான். அம்மாவின் முட்டுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

ரவி

*

தாபோடி, புனே
7-3-2004

அன்புள்ள ரவி,

தைலம் வந்தது. அம்மா அதை முட்டுக்குத் தடவாமல் தலைக்குத் தடவிக்கொண்டு, என் பிள்ளை அனுப்பியது என்று பக்கத்து வீட்டு செல்வமேரிக்கு மோந்து பார்க்கக் கொடுத்தாள். நாங்கள் சுகம். உன் கண்ணுக்கு மருந்து விடாமல் போடுகிறாயா?

நேற்று சனிக்கிழமை. படிவத்தைத் திறந்தேன். காலையிலேயே தலைக்குக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு போனேன். சிரிக்காதே.

துரை ‘எடிட்’ என்றார். கீழே இறங்கினேன், ‘எடிட்’ என்றார். பத்தொன்பது பெட்டி, பத்தொன்பது எடிட். எது பேர், எது அப்பா பேர், எது ஊர் என்று ஒன்றும் தெரியவில்லை. சார் பக்கத்தில் நின்று பார்த்து இது பேர், இது முகவரி என்று சொன்னார். சரி என்று எண்ணி வைத்துக்கொண்டு போனேன். பிறந்த தேதியில் வந்து முட்டிக்கொண்டேன். அங்கே எழுத முடியாதாம். ஒரு காலண்டர் படத்தை மவுஸால் அழுத்தினால்தான் தேதி விழுமாம். கீபோர்டு சாவியை வைத்து என்னென்னவோ செய்து பார்த்தேன். அதற்குள் படிவத்துக்குக் கொடுத்த பதினைந்து நிமிடம் முடிந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. மறுபடி முயன்றேன். மறுபடி தள்ளிவிட்டது. என் நாற்பது நிமிடம் தீர்ந்து போயிற்று. பின்னால் ஸ்டீபன் காத்திருந்தான். இருபத்தாறு வயதுப் பையன், எங்களில் கெட்டிக்காரன். அவனுக்கும் அதே கதி.

துரை வாய் திறந்து வேறு ஏதாவது சொன்னது படங்களில் வந்தபோதுதான். படத்துக்குப் பேர் எழுதாவிட்டால், அது எந்தப் பேரில் சேமித்திருக்கிறதோ அதை வாசிப்பார். அவருடைய உச்சரிப்பு புரியவில்லை. எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். சரி, அது கிடக்கட்டும்.

இதைச் செய்தவர்கள் உங்கள் ஊர்க் கம்பெனி என்று சார் கேள்விப்பட்டாராம். செய்தவன் யார் என்று உனக்குத் தெரியுமா ரவி? தெரிந்தால் எனக்கு எழுது. நான் ஒன்றும் கோபப்பட மாட்டேன். இன்னும் இருபத்து நாலு நாள் இருக்கிறது, சரிசெய்தால் போதும்.

அன்புடன்,
பவுன்

*

சென்னை
13-3-2004

அன்புள்ள அக்கா,

சுகம். மருந்து போடுகிறேன். உன் கடிதம் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது.

யார் செய்தது என்று எப்படித் தெரியும்? இந்த ஊரில் நூறு கம்பெனி இருக்கிறது. எவனோ அவசரத்தில் செய்திருப்பான். இந்த வேலையில் தேதி கொடுத்துக் கழுத்தைப் பிடிப்பார்கள், செய்கிறவன் என்ன பண்ணுவான்? திறந்துவிட்ட பிறகு மாற்றவும் விட மாட்டார்கள்.

நீ ஏன் கஷ்டப்படுகிறாய்? உன் விவரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் இங்கிருந்தே நிரப்பி அனுப்பிவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை. மார்க் ஷீட் எண்ணும் கண் சர்டிபிகேட் எண்ணும் மட்டும் எழுதி அனுப்பு.

ரவி

*

தாபோடி, புனே
20-3-2004

அன்புள்ள ரவி,

நாங்கள் சுகம். போன ஞாயிறு நீ போனுக்கு வரவில்லை, வேலை என்று அம்மா சொன்னாள். அவள்தான் ‘அவன் வேலை பாக்கட்டும்ட்டீ, நீ சும்மா அவன நச்சரிக்காத’ என்று என்னைத் திட்டினாள். நான் எங்கே நச்சரித்தேன்?

இன்றும் போய்ப் பார்த்தேன். எடிட், எடிட், எடிட். ஒரு வரிகூட மாறவில்லை.

நீ கேட்ட எண்கள் இரண்டும் அடியில் எழுதியிருக்கிறேன். நானே நிரப்ப வேண்டும் என்று எனக்கு வீம்பு இல்லை. பஸ் நம்பரிலிருந்து மாத்திரைச் சீட்டு வரை வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களைக் கேட்டுத்தான் வாழ்கிறேன், இது ஒன்று கூடுதல். ஆனால் துரை வாசித்தால் நான் ஒவ்வொரு பெட்டியையும் மூன்று தடவை கேட்ட பிறகுதான் அனுப்புவேன். கண்ணுள்ளவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடுவீர்கள். அதுதான் எனக்குப் பயம். ஊனம் என்ன என்று கேட்கும் இடத்தில் பார்வை என்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் பரீட்சையில் எனக்காக எழுத ஆள் வைத்துக்கொள்ள விடுவார்கள். அதை மட்டும் நன்றாகப் பார்.

ஸ்டீபனுக்கு அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை. அவன் அம்மா ஆகுர்டியில் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறாள். கடையில் போய் நிரப்பக் கேட்டால், இதெல்லாம் யார் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அடிப்பது என்று விரட்டிவிட்டார்களாம். அந்தப் படிவத்தைச் செய்தவனிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ஏதாவது வழி இருந்தால் சொல். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. எனக்காக வேண்டாம், இவனுக்காக.

பவுன்

*

சென்னை
27-3-2004

அன்புள்ள அக்கா,

நிரப்பியாயிற்று! பதிவு எண் கீழே இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள். பின்கோடு தப்பு என்று ஒரு தடவை திருப்பிவிட்டது, சரிசெய்து அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இனி நீ படிக்கிற வேலையைப் பார். அம்மாவைக் கேட்டதாகச் சொல். கண் சுகம்.

செய்தவர்களைத் தேடிப் பார்த்தேன், யாரும் கிடைக்கவில்லை.

ரவி

*

தாபோடி, புனே
25-4-2004

அன்புள்ள ரவி,

உன் கடிதமும் எண்ணும் கிடைத்தன. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று, இப்போது சுகம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் கண்ணுக்கு வெயில் ஆகாது, குடை எடுத்துப் போ.

நாள் முழுக்கப் படிக்கிறேன். செல்வமேரியின் மகள் சோனியா சாயங்காலம் வந்து பழைய கேள்வித்தாள்களை வாசித்துக் காட்டுகிறாள். பரீட்சையில் அவள்தான் எனக்காக எழுதப் போகிறாள். பதினொன்றாவது படிக்கிறாள், முத்தான கையெழுத்தாம். கணக்கில் நூற்றுக்கு எண்பது வாங்குகிறேன். பகலில் படிக்க எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்காதே.

ஒரு உதவி. அனுப்பிய படிவத்தைத் திறந்து பார்க்க முடியும் என்று சார் சொன்னார். நீ அதைத் திறந்து, ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று புள்ளியில் எழுதி அனுப்பு. பத்தொன்பது பெட்டியும். உனக்கு ஒரு மணி நேரம் ஆகும், தெரியும். எனக்கு அதைத் தொட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும்.

ஸ்டீபன் விண்ணப்பிக்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் வரை மையத்தில் உட்கார்ந்திருந்தான். பதினொரு பேரில் விண்ணப்பம் போனது என்னுடையது ஒன்றுதான். எனக்கு உன்னைப் போல ஆள் இருந்தது.

அந்த ஆளைக் கண்டுபிடித்தாயா? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

பவுன்

*

சென்னை
30-5-2004

அன்புள்ள அக்கா,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நான் சுகம். போன வேலை நல்லபடியாக முடிந்தது என்று ஆபீஸில் கேடயம் கொடுத்தார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன், அழுதுவிட்டாள்.

படிவத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நான்தானே போட்டேன், எனக்குத் தெரியாதா? பத்தொன்பது பெட்டியையும் புள்ளியில் குத்த இப்போது நேரமில்லை அக்கா. பரீட்சையை மட்டும் நினை.

ரவி

*

தாபோடி, புனே
22-6-2004

ரவிக்கு,

அம்மா சுகம். நான் இருக்கிறேன்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. தளேகாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். நானும் சோனியாவும் காலை லோக்கல் ரயிலில் போனோம். அவள் அம்மா அவல் தாளித்துப் போஹே கட்டிக் கொடுத்திருந்தாள். வண்டியில் அவள் கடைசியாக ஒரு தடவை வட்டிக் கணக்கெல்லாம் கேட்டாள், ஒன்றும் தப்பவில்லை.

வாசலில் லிஸ்டைப் பார்த்த ஆள் சோனியாவை நிறுத்திவிட்டார். “மேடம், இதர் தோ ஹாத்-பைர் லிகா ஹை” என்றார். என் பேருக்கு நேரே கை கால் ஊனம் என்று போட்டிருக்கிறதாம். ஹால் டிக்கெட்டிலும் அதைத்தான் போட்டிருக்கிறது, பி.எச். ஒன்று என்று. சோனியா எனக்கு அதை வாசித்துத்தான் காட்டினாள். ஒன்று என்றால் கை கால் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் கண் சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. பெரியவரைக் கூட்டி வந்தார். அவர் வந்து, கண்ணுக்குத் தெரிவது வேறு, லிஸ்ட் வேறு, லிஸ்டில் இல்லாதவருக்கு எழுத ஆள் விட்டால் என் வேலை போகும் என்றார். வேண்டுமானால் நீங்கள் மட்டும் உள்ளே போய் உட்காரலாம் என்றார்.

போய் உட்கார்ந்தேன். ஏன் போனேன் என்று கேட்காதே. ஐந்து மாதம் படித்திருந்தேன். கேள்வித்தாளைக் கையில் கொடுத்தார்கள். வழவழவென்று இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு மேடும் இல்லை. சுற்றி எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பேனா ஓடுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கும். முன் பெஞ்சில் ஒரு பெண் கணக்கை வாய்க்குள் முணுமுணுத்தாள், தப்பாகப் போட்டாள். நடுவில் எழுந்து வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மணி நேரம். பிறகு அந்தத் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

வெளியே சோனியா அழுதுகொண்டிருந்தாள். போஹேயை நாய்க்குப் போட்டோம்.

மனு கொடுத்துக் கேட்கலாம் என்று சார் தலைமை ஆபீஸுக்கே போன் போட்டார். விண்ணப்பத்தில் தரப்பட்ட விவரமே முடிவானது என்று சொல்லிவிட்டார்களாம்.

போர்டு வேலை ஏப்ரல் பதினைந்தோடு போயிற்று. இதுவரை உனக்கு எழுதவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. காலையில் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, மையத்தில் போய் உட்கார்ந்து படித்துவிட்டு வருவேன். இனி அதையும் என்ன சொல்லி நடிப்பது என்று தெரியவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்று சொல். அந்த இடத்தில் நீ என்ன போட்டாய்?

பவுன்

*

சென்னை
4-7-2004

அக்கா,

அம்மாவிடம் சுகம் என்று சொல். நான் சுகமாக இல்லை.

நான் பார்வை என்றுதான் போட்டேன். சத்தியமாகப் போட்டேன். பின்கோடு தப்பு என்று பக்கம் திரும்பி வந்தபோது, அந்த ஒரு இடம் மட்டும் தானாக முதல் விடைக்குப் போய்விட்டிருக்கிறது. முதல் விடை கை கால். நான் பின்கோடை மட்டும் திருத்திவிட்டு அனுப்பிவிட்டேன். திரும்பப் பார்க்கவில்லை.

அது அப்படிப் போய்விடும் என்று எனக்கு முன்பே தெரியும். ஜனவரியிலேயே ஒருத்தி சோதித்துப் பார்த்துக் குறை எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்கு நேரே ‘பிறகு’ என்று எழுதியது நான்தான். அந்தப் படிவத்தைச் செய்தது நான்தான் அக்கா. பெட்டிகள், காலண்டர், பதினைந்து நிமிடம், எல்லாம் நான். நீ மூன்று தடவை கேட்டாய். இரண்டு தடவை பொய் சொன்னேன், மூன்றாவது தடவை அதற்குப் பதிலே எழுதவில்லை.

உன் முதல் கடிதம் வந்தபோது திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு நாள் வேலை. மீட்டிங்கில் சொன்னேன், பார்வையில்லாதவர்களுக்காகப் பெட்டிக்கெல்லாம் உள்ளே பேர் எழுத வேண்டும், ஒரு நாள் கொடுங்கள் என்று. மேனேஜர், எத்தனை பேர் அப்படி வரப்போகிறார்கள், அவர்களுக்கு வீட்டில் யாராவது நிரப்பிக் கொடுப்பார்கள் என்றார். ஒருத்தன், ‘குருடனுக்கு எதுக்குப்பா கலர் கலரா ஃபார்ம்?’ என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் அக்கா நிரப்பப் போகிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இங்கே யாருக்கும் உன்னைப் பற்றித் தெரியாது. அக்கா இருக்கிறாள், போன் கம்பெனியில் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். நானும் சிரித்தேன்.

இதை எழுதாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. என்னை மன்னித்துவிடு. எப்படியாவது சரிசெய்கிறேன்.

ரவி

*

சென்னை
15-8-2004

அன்புள்ள அக்கா,

என் கடிதத்துக்கு ஆறு வாரமாகப் பதில் இல்லை. போனில் கேட்டால் நீ மையத்துக்குப் போயிருக்கிறாய் என்றே அம்மா சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் மையம் உண்டா? சுகமாக இருக்கிறாயா என்று ஒரு வரி எழுது.

அக்டோபரில் அதே நிறுவனம் இன்னொரு வேலைக்கு ஆள் எடுக்கிறது. அதே படிவம்தான். இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பத்தொன்பது பெட்டிக்கும் பேர் எழுதிவிட்டேன். தேதியைச் சாவியாலேயே அடிக்கலாம். பதினைந்து நிமிடக் கெடுவையும் எடுத்துவிட்டேன். துரை எல்லாவற்றையும் வாசிப்பார். ஸ்டீபனிடம் சொல்.

மாசம் மாசம் நான் அனுப்புகிற பணத்தை அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். நீ சொல்லித்தானா?

ரவி

*

தாபோடி, புனே
24-10-2004

ரவிக்கு,

அம்மா சுகம். முட்டுக்கு இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். வேலை போனதை அவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் மாடிப்படியைத் திட்ட ஆரம்பித்தாள். நான் மையத்தில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறேன். பன்னிரண்டு வயதில் விடுதியில் கற்றுக்கொடுத்தது. இதைப் பின்னிக்கொண்டே செத்துப்போகக் கூடாது என்றுதான் அன்றைக்கு அத்தனை வெறியாகப் படித்தேன். கைக்கு ஒன்றும் மறக்கவில்லை.

நேற்று உன் புதுப் படிவத்தைத் திறந்தோம். நன்றாகச் செய்திருக்கிறாய். துரை ‘நேம்’ என்றார், ‘ஃபாதர்ஸ் நேம்’ என்றார், ‘டேட் ஆஃப் பர்த்’ என்றார். ஸ்டீபன் யாரையும் கேட்காமல் இருபத்திரண்டு நிமிடத்தில் நிரப்பி அனுப்பிவிட்டான். வேலையே கிடைத்துவிட்ட மாதிரி கத்தினான். ஓடிப்போய்ப் பேடா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தான். நான் என் பங்கைச் சாப்பிடாமல் சாருக்குக் கொடுத்துவிட்டேன். வயிற்றெரிச்சல்தான் ரவி, வேறென்ன? அவன் நன்றாக இருக்கட்டும். ஆனால் வயிறு எரிந்தது.

எல்லோரும் போன பிறகு நானும் உட்கார்ந்து நிரப்பினேன். பிறந்த தேதி வரைக்கும் போனேன். உனக்கு வயது கடந்துவிட்டது, மேலே தொடர முடியாது என்று துரை சொன்னார். அவர் இத்தனை தெளிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மூன்று தடவை கேட்டேன்.

உன் ஜூலைக் கடிதத்துக்குப் பதில் எழுதப் புள்ளி குத்தும் பலகையை எடுத்து எடுத்து வைத்தேன். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று நினைக்காதே. படிவத்தைச் செய்தது நீதான் என்று மார்ச் ஆறாம் தேதியே தெரியும். துரை படங்களின் பேரை வாசித்தாரே. எழுத்தெழுத்தாக பி, ஏ, வி, யு, என். அடுத்த படம் டப்பு. யார் கண்ணிலும் படாத இடம் என்று எழுதியிருந்தாய். எங்கள் காதில் விழும் என்று உனக்குத் தோன்றவில்லை. எனக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. என் தம்பி செய்தது, சொன்னால் ஒரு நாளில் சரிசெய்துவிடுவான் என்று ஸ்டீபனிடம் சொல்ல வாய் துடித்தது. நீயாகச் சொல்லட்டும் என்றுதான் கேட்டுக் கேட்டு எழுதினேன். நீ பொய் சொன்னதும் ஏன் என்று புரிந்தது. பயம். பயந்தவனை மன்னிக்கலாம். பரீட்சை போனதைக்கூட மன்னித்திருப்பேன், நீ வேண்டுமென்று செய்யவில்லை.

அந்தக் கடிதத்தில் என்னால் தாங்க முடியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நீ சிரித்தது. அதை நீ எழுதியிருக்க வேண்டாம். மனசு லேசாகும் என்று எழுதியிருப்பாய், உனக்கு ஆகியிருக்கும். நீ பெரியவனாகி எப்படிச் சிரிக்கிறாய் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஆறு வயதில் இந்தப் புள்ளிகளைக் கற்றுக்கொண்டு, முதல்முதலாக என் பேரைக் குத்தி என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாயே, அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தெரியும். உன் ஆபீஸ் அறையில் நீ சிரித்ததை நினைத்தால் அந்தச் சத்தம்தான் கேட்கிறது. வேறு சத்தம் என்னிடம் இல்லை.

புதுப் படிவத்தில் படங்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பேர் போட்டிருக்கிறாய். ‘நெக்ஸ்ட்’ என்கிறார் துரை, ‘சப்மிட்’ என்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும். பழையதில் எனக்குப் புரிந்தது என் பேர் ஒன்றுதான். அது இப்போது எங்கும் இல்லை. மேலே கீழே போய்த் தேடிப் பார்த்தேன்.

பணம் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசு, அவள் காத்திருப்பாள். புள்ளி குத்துகிற அட்டை இதோடு தீர்ந்துவிட்டது, புதிதாக வாங்கப் போவதில்லை.

கண் எரிச்சல் நின்றதா?

அக்கா